அப்பா போட்ட கணக்கு

1910 ஜனவரி 5ஆம் தேதி மாலை, ஹார்வர்ட் கணித மன்றத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி ஓர் உரை நடந்தது. கேட்க வந்தவர்கள் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும். பேசியவனுக்கு வயது 11. பெயர் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ். சில மாதங்களுக்கு முன்புதான் ஹார்வர்டில் சேர்ந்திருந்தான். அடுத்த சில நாட்களில் பத்திரிகைகள் முழுக்க அவன் பேச்சுதான். எம்.ஐ.டி.யின் இயற்பியல் பேராசிரியர் டேனியல் காம்ஸ்டாக், இந்தப் பையன் எதிர்காலத்தில் பெரிய கணிதவியலாளனாக வருவான் என்று சொன்னதும் அச்சில் வந்தது.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு பையனும் உட்கார்ந்திருந்தான். நார்பர்ட் வீனர், வயது 15. அவனும் அதே கல்வியாண்டில்தான் ஹார்வர்டுக்கு வந்தவன். ஆனால் முதலாண்டு மாணவனாக இல்லை. 14 வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியில் கணிதப் பட்டம் வாங்கிவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்திருந்தான். நாற்பது வருடங்களுக்குப் பிறகு எழுதிய 'எக்ஸ்-பிராடிஜி' (1953) என்ற தன்வரலாற்றில் வீனர் அந்த உரையை நினைவுகூர்கிறார். எந்த வயதில் இருக்கும் முதல், இரண்டாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவரும் பெருமைப்படக்கூடிய உரை அது என்பது அவருடைய தீர்ப்பு. அதாவது, பையன் ஒப்பித்துவிட்டுப் போகவில்லை, விஷயம் தெரிந்துதான் பேசினான்.

இந்த இரண்டு பையன்களில் ஒருவர் சைபர்னெடிக்ஸ் என்ற துறையையே தொடங்கினார். இன்னொருவர் கணக்கு இயந்திரம் ஓட்டும் குமாஸ்தா வேலைகளில் காலம் தள்ளி, வாடகை அறைகளில் வாழ்ந்து, 1944இல் 46 வயதில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார்.

குழந்தையைக் கணிதத்தில் சீக்கிரமே மேலே ஏற்றிவிடலாமா, கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் சைடிஸின் கதையை யாராவது எடுத்து வைப்பார்கள். "பாத்தீங்களா, பிஞ்சுல பழுத்தா இப்படித்தான்." எதிர்த்தரப்பு டெரன்ஸ் டாவோவை எடுத்து வைக்கும். இரண்டு பேருமே உதாரணமாக மட்டும் நிற்பார்கள், மனிதர்களாக நிற்க மாட்டார்கள். சைடிஸின் ஐ.க்யூ. 250, 300 என்று இணையத்தில் சுற்றும் எண்களுக்கு ஆதாரமாக ஒரு தேர்வுத்தாள்கூடக் கிடையாது என்பதும் யாருக்கும் முக்கியமில்லை.

எனக்கு வீனர் அறிமுகமானது கல்லூரி மூன்றாம் ஆண்டில், சிக்னல் ப்ராசஸிங் பாடத்தில். இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் 'வீனர் ஃபில்டர்', தேர்வில் 16 மார்க் கேள்வி. அந்தப் பெயருக்குப் பின்னால் அழுதுகொண்டே அல்ஜீப்ரா படித்த ஒரு சிறுவன் இருக்கிறான் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சிறுவனையும் சைடிஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் 'சீக்கிரமா, மெதுவாகவா' என்ற கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்பட்ட கேள்வி என்று தோன்றுகிறது.

*

முதலில் அப்பாக்கள். இரண்டு பேரும் ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர்கள். இரண்டு பேரும் கையில் ஒன்றுமில்லாமல் வந்து, படிப்பால் மேலே வந்தவர்கள்.

போரிஸ் சைடிஸ் உளவியலாளர், ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸின் மாணவர். மகனுக்குக் குருவின் பெயரையே வைத்தார். அம்மா சாரா மருத்துவம் படித்தவர், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். குழந்தையை அடித்தோ பயமுறுத்தியோ சொல்லிக்கொடுக்கக் கூடாது, கேட்கும் கேள்விக்கெல்லாம் காரணத்தோடு பதில் சொன்னால் போதும், அறிவு தானாக விழித்துக்கொள்ளும் என்பது இருவருடைய நம்பிக்கை. இன்றைக்குப் படித்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது. பையனுக்கு 9 வயதானபோதே ஹார்வர்டில் சேர்க்கப் பார்த்தார்கள். வயது போதாது என்று பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. 11 வயதில் இடம் கிடைத்தது.

லியோ வீனர் ஹார்வர்டில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியர். தல்ஸ்தோயை 24 தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம். வீனர் எழுதுவதைப் பார்த்தால், முதல் தப்பு வரும்வரை அப்பா நல்ல மனிதர். ஒரு தப்பு வந்ததும் ஆளே மாறிவிடுவார். அப்பா கத்த, பையன் அழ, அம்மா நடுவில் வந்து நிற்க, பாடம் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். அன்றைக்குச் செய்த தப்புகள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் விருந்தினர் முன்னாலும் பேசப்படும். 8 வயதில் கண் பார்வை மோசமாகி, ஆறு மாதம் படிக்கவே கூடாது என்று மருத்துவர் தடை போட்டார். லியோ பாடத்தை நிறுத்தவில்லை. வாயாலேயே நடத்தினார். பையன் எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. கணிதத்தை மனதுக்குள் வைத்துப் புரட்டும் பழக்கம் தனக்கு வந்தது இதனால்தான் என்று வீனரே பிற்பாடு ஒப்புக்கொள்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வீடுகளில் மென்மையான வீடு சைடிஸுடையது, கடுமையான வீடு வீனருடையது. 'அன்பாகச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற எளிய விடை இந்த வரலாற்றில் கிடைக்காது. வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேருமே 11 வயதில் கல்லூரிக்குள் போனவர்கள்.

பிறகு எங்கேதான் வித்தியாசம்?

*

லியோ வீனர் கோபக்காரர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் நிதானமாக நடந்துகொண்டார். 11 வயது மகனை ஹார்வர்டுக்கு அனுப்பவில்லை. நுழைவுத்தேர்வின் அழுத்தமும் பத்திரிகைக்காரர்களின் கூட்டமும் வேண்டாம் என்று பக்கத்திலிருந்த சின்னக் கல்லூரியான டஃப்ட்ஸில் சேர்த்தார். அதற்கு முன்னால் படித்ததும் ஏயர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில். வகுப்பில் தன்னைவிடப் பெரிய பிள்ளைகள், வெளியே விளையாடத் தன் வயதுப் பிள்ளைகள். அந்த ஊரைப் பற்றி எழுதும்போது மட்டும் வீனரின் குரல் இளகுகிறது.

அடுத்தது, வீனருக்குத் தோற்க இடம் இருந்தது. ஹார்வர்டில் முதலில் எடுத்தது கணிதம் இல்லை, விலங்கியல். கண்ணும் சரியில்லை, கையும் நிதானமில்லை, ஆய்வகத்தில் சொதப்பல். ஒரு வருடத்தில் அது முடிந்தது. அப்பாவின் முடிவுப்படி தத்துவம் படிக்க கார்னெல் போனான். அங்கே உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. மறுபடி ஹார்வர்ட். 1913இல், 18 வயதில், கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டம்.

சரி, 18 வயதில் டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, உடனே சாதனைகள் தொடங்கியிருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. அடுத்த ஆறு வருடங்கள் அலைச்சல். கேம்பிரிட்ஜில் ரஸ்ஸலிடம், கோட்டிங்கனில் ஹில்பர்ட்டிடம் படிப்பு. மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஒத்துவராத ஆசிரியர் வேலை. கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதும் வேலை. போர்க்காலத்தில் அபர்டீன் பீரங்கித் தளத்தில் குண்டு விழும் தூரத்தைக் கணக்கிடும் வேலை. 'பாஸ்டன் ஹெரால்ட்' பத்திரிகையில் கொஞ்ச நாள். 1919இல்தான் எம்.ஐ.டி.க்கு வந்தார். பிரௌனிய இயக்கத்துக்குக் கணித வடிவம் கொடுத்த வேலை அதற்குப் பிறகு, 1920களின் தொடக்கத்தில். அப்போது வயது 25ஐத் தாண்டிவிட்டது. எந்த அவசரமும் இல்லாமல் வழக்கமான வயதில் படித்துவந்த ஒரு நல்ல கணிதவியலாளரும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான் உருப்படியான வேலையைத் தொடங்கியிருப்பார்.

அப்படியானால் அத்தனை அழுகையும் எதற்கு? முன்கூட்டி ஓடிச் சம்பாதித்த ஏழு வருடம் எங்கே போனது? அலைவதற்குப் போனது. அது வீண் இல்லை என்றே நினைக்கிறேன். தத்துவம், தர்க்கம், பீரங்கி எல்லாம் பின்னாளில் சைபர்னெடிக்ஸில் வந்து சேர்ந்தன. ஆனால் 'சீக்கிரம் ஏற்றிவிட்டால் சீக்கிரம் போய்ச் சேர்வான்' என்ற கணக்கு மட்டும் இங்கே பொய்த்துவிட்டது.

சைடிஸுக்கு அலைய இடமே கிடைக்கவில்லை. 1914இல் 16 வயதில் பட்டம் வாங்கியபோது, ஒதுங்கித் தனியாக வாழ்வதே தன் விருப்பம் என்று நிருபர்களிடம் சொன்னார். அதுவும் செய்தியானது. 17 வயதில் ஹூஸ்டனின் ரைஸ் கல்வி நிறுவனத்தில் கணிதம் கற்பிக்கப் போனார். மாணவர்களில் பலர் அவரைவிட வயதில் பெரியவர்கள், கேலி தாங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் திரும்பினார். சட்டப் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டார். 1919 மே தினத்தில் பாஸ்டனில் நடந்த சோஷலிஸ்ட் ஊர்வலம் கலவரத்தில் முடிய, கைதாகி 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறைக்குப் பதிலாகப் பெற்றோர் தங்களுடைய மனநல விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். அவரைப் பொறுத்தவரை அதுவும் சிறைதான்.

பிறகு அவர் பண்ணியதெல்லாம் ஒளிந்துகொள்வது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. 1925இல் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைத் தலைகீழாகப் போட்டு யோசிக்கும் ஒரு நூலை வெளியிட்டார். அடுத்த வருடம் டிராம் வண்டிகளில் மாறி ஏறத் தரும் டிக்கெட்டுகளைச் சேகரிப்பது பற்றி, புனைபெயரில், ஒரு முழுப் புத்தகம். டிராம் டிக்கெட்டா என்று சிரிக்கலாம். பிடித்ததைப் பிடித்த மாதிரி செய்யும் ஒரு மனிதரை நான் அதில் பார்க்கிறேன். அந்த ஒன்றுதான் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

1937இல் 'தி நியூ யார்க்கர்' இதழ் 'அவர்கள் இப்போது எங்கே' என்ற வரிசையில் அவரைத் தேடிப் பிடித்துக் கேலியாக எழுதியது. தன் தனிமையைப் பறித்ததாகச் சைடிஸ் வழக்குப் போட்டார். 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்டுரை இரக்கமில்லாதது என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், சிறுவயதில் காட்டிய நம்பிக்கையை இந்த மனிதர் நிறைவேற்றினாரா என்று தெரிந்துகொள்வதில் பொதுமக்களுக்கு அக்கறை உண்டு என்றது தீர்ப்பு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு இது.

நான் இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அந்த நம்பிக்கையை ஊருக்குக் கொடுத்தது யார்? அந்தப் பதினொரு வயதுப் பையன் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே.

*

வாக்குக் கொடுத்தவர்கள் அப்பாக்கள். 1911இல் போரிஸ் சைடிஸ் அன்றைய பள்ளிக் கல்வியைத் தாக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தன் முறை எவ்வளவு நல்லது என்பதற்குப் பெயர் சொல்லாமல் மகனையே சாட்சியாக வைத்தார். அதே 1911இல் ஒரு பிரபலப் பத்திரிகையில் லியோ வீனரின் கருத்துகளோடு கட்டுரை வந்தது. என் பிள்ளைகளுக்குத் தனித் திறமை எதுவும் கிடையாது, எல்லாம் என் பயிற்சிதான் என்பது அதன் சாரம்.

நார்பர்ட் பிற்பாடு அதைப் படித்தார். அழுத பாடங்களைவிட அதிகமாக அவரைக் காயப்படுத்தியது இந்தக் கட்டுரை. அவர் புரிந்துகொண்ட விதம் இதுதான்: நான் ஜெயித்தால் அது அப்பாவின் வெற்றி, தோற்றால் மட்டும் என் தோல்வி. வாழ்நாள் முழுக்க அடிக்கடி மனச்சோர்வில் விழுந்து எழுந்த மனிதர் அவர். 'ஜெயித்த பையன்' என்று அவரைச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

நம்ம ஊரில் இதற்கு ஃபிளெக்ஸ் பேனர் உண்டு. நான் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இரண்டு வருடம் ஒரே புத்தகம். லிமிட் என்றால் என்ன என்று தெரியாமலே இன்டகிரேஷன் சூத்திரங்கள் மனப்பாடம். பொறியியல் முதலாண்டில் எம்-1 தாளில் எங்களில் எத்தனை பேர் அரியர் வைத்தோம் என்பது வேறு கதை. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் ஒரு வருடம் முன்னால் ஓடுவதுதான். ஆனால் ஓடியது மாணவன் இல்லை, பள்ளி. மதிப்பெண் வந்ததும் கேட் வாசலில் யார் படம் பெரிதாக இருக்கும் என்று பார்த்தால் புரியும், தாளாளர் படம். இது ஒரு பள்ளியின் கதையும் இல்லை. தமிழக அரசு 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே பல தனியார் பள்ளிகள் அந்த வகுப்பைத் தாண்டிக் குதித்ததுதான்.

*

அப்படியானால் யாரையும் முன்னால் ஏற்றவே வேண்டாம், எல்லோரும் வரிசையில் நிற்கட்டும் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் வரலாறு இடம் கொடுக்கவில்லை.

1913இல் வீனர் கேம்பிரிட்ஜில் ஜி.எச். ஹார்டியின் வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஹார்டிக்கு மதராஸ் துறைமுகக் கழகத்தின் குமாஸ்தா ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ராமானுஜனை யாரும் முன்னால் ஏற்றவில்லை. கும்பகோணத்தில் கார் எழுதிய சூத்திரத் தொகுப்பு கைக்குக் கிடைத்ததும் தானாக ஏறிப் போனார். கல்லூரியோ பின்னால் இழுத்தது. மற்ற பாடங்களில் தேறவில்லை என்று உதவித்தொகை போனது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ராமானுஜனின் உண்மையான சோகம் அவர் சீக்கிரம் இறந்தது இல்லை, 18இலிருந்து 25 வயதுவரை கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனதுதான் என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். ஆக, நிறுத்தி வைப்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஹார்வர்ட் பையன்களுக்கு அறுபது வருடம் கழித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் இதை வேறு மாதிரி அணுகினார். 1971இல் தொடங்கிய அவருடைய திட்டத்தில், கல்லூரிக்குப் போகும் 17, 18 வயதினருக்கான எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்ப்போம், தெரிந்ததைத் திரும்ப நடத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம், தெரியாததிலிருந்து தொடங்குவோம். இவ்வளவுதான் யோசனை. பிள்ளைக்கே ஆர்வம் இருக்க வேண்டும், பெற்றோரின் ஆர்வம் மட்டும் போதாது என்பதிலும் உறுதியாக இருந்தார். 'என் முறையால் எந்தக் குழந்தையும் மேதையாகும்' என்று அவர் சொல்லவில்லை. போரிஸும் லியோவும் சொன்னதற்கு நேர் எதிர் இது. அங்கே முறை முதலில், பிள்ளை அதற்குச் சாட்சி. இங்கே பிள்ளை முதலில்.

அந்தத் திட்டத்தில் வந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தயாராக இருந்து முன்னேறிய பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள் என்றுதான் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. சைடிஸை மட்டும் காட்டிப் பயமுறுத்துபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடிலெய்டில் வளர்ந்த டெரன்ஸ் டாவோவும் ஸ்டான்லியின் பார்வைக்கு வந்தவர்தான். 8 வயதில் அதே எஸ்.ஏ.டி. கணிதத்தில் 800க்கு 760. அவரைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. கணிதத்துக்கு மட்டும் பெரிய வகுப்பு, மற்ற பாடங்களுக்கு அதைவிடச் சின்ன வகுப்பு என்று பாடத்துக்குப் பாடம் வேறு வேறு வேகம். பல்கலைக்கழகத்தில் முன்பே முழுநேரமாகச் சேர்த்திருக்க முடியும். ஆனாலும் 14 வயதுவரை பெற்றோர் பொறுத்திருந்தார்கள். சாதனைப் பட்டியலில் 'உலகிலேயே இளைய பட்டதாரி' என்ற வரி வராமல் போனது. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிரின்ஸ்டனில் முனைவர் படிப்பின் பொதுத்தேர்வில் சரியாகத் தயாராகாமல் போய்த் திணறியதை டாவோ வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தத் தேர்வு ஊர்ச்செய்தி ஆகவில்லை. மறுபடி உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான். 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம்.

*

அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் இப்போதெல்லாம் ஐந்து வயதுக்கு அபாகஸ், ஆறு வயதுக்குக் கோடிங், ஆறாம் வகுப்பில் ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று பேசிக்கொள்கிறார்கள். "பையன் டேபிள்ஸ் எல்லாம் முடிச்சுட்டான், அடுத்து அல்ஜீப்ரா போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். பையன் கேட்டால் போடுங்கள், சந்தேகமே வேண்டாம். கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்வது கும்பகோணத்தில் நடந்த தப்பைத் திரும்பச் செய்வது.

ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். நாளைக்கே அவன் இதெல்லாம் வேண்டாம், டிராம் டிக்கெட் சேகரிக்கப் போகிறேன் என்று சொன்னால், அதிகமாக இழப்பது யார்? அவன்தான் என்றால் வேகம் சரியாகத்தான் இருக்கிறது. நாம்தான் என்றால், அவன் போட்டுக்கொண்டிருப்பது நம்முடைய கணக்கு.

'எக்ஸ்-பிராடிஜி'க்கு மூன்று வருடம் முன்னால், 1950இல், வீனர் எழுதிய நூல் ஒன்றின் சமர்ப்பணப் பக்கத்தில் லியோ வீனரின் பெயர் இருக்கிறது. அப்பா இறந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதில் அவரைத் தன் ஆசான் என்றும் எதிராளி என்றும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார், இரண்டையும் பிரியத்தோடு. எழுதும்போது வீனருக்கு வயது 55. அப்பா போட்ட கணக்கிலிருந்து வெளியே வந்து, தன் கணக்கை எழுத அவருக்கு அவ்வளவு காலம் கிடைத்தது. சைடிஸுக்குக் கிடைக்கவில்லை.